ராஜராஜன் "சபாஷ்" என்று சொல்லலாமா?

கேள்வியைச் சுருக்கமாக முதலில் சொல்லிவிடுகிறேன். ராஜராஜன் காலத்துத் தஞ்சாவூரில் நடக்கிற நாவல் ஒன்றை எழுதிக்கொண்டிருக்கிறார் கேட்டவர். முதல் சில அத்தியாயங்களைப் படித்த ஒரு நண்பர் "எல்லாரும் ஆபீஸில் பேசுகிற மாதிரி பேசுகிறார்கள்" என்றாராம். இன்னொருவர் "நாடகக் கம்பெனி வசனம் மாதிரி இருக்கிறது" என்றாராம். எது சரி, அந்தக் காலத்தில் உண்மையில் எப்படித்தான் பேசினார்கள், அருஞ்சொல் அட்டவணை போடலாமா என்று கேட்கிறார்.

இரண்டு பேர் சொன்னதும் சரியாக இருக்கலாம். ஒரே வரியில் இரண்டு கோளாறும் இருக்க முடியும். "மன்னா, தங்கள் ஆணைப்படி படைகள் தயார்!" என்ற வரியைப் பாருங்கள். முதல் பாதி மேடை நாடகம். கடைசியில் வரும் "தயார்" அரபுச் சொல், பாரசீகம், உருது வழியாக நம்மிடம் வந்தது. அது வந்து சேர்ந்தபோது சோழ வம்சமே முடிந்து நெடுங்காலம் ஆகியிருந்தது. "சபாஷ்" அதே கதை, பாரசீகம். தலைப்புக்குப் பதில் சொல்லியாயிற்று: சொல்லக்கூடாது. ஆனால் அதைத் திருத்திவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று நினைத்தால் அங்கேதான் ஏமாறுவோம்.

நாம் "பழைய தமிழ்" என்று நினைத்துக்கொண்டிருப்பது எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். 1931-இல் தமிழ் பேசும்படம் வந்த புதிதில் ராஜா ராணிகள் "பிராணநாதா", "ஸ்வாமி" என்று வடமொழி கலந்து பேசினார்கள், ஏனென்றால் அன்றைய நாடக மேடையில் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். இருபது வருஷம் கழித்து அதே ராஜாக்கள் எதுகை மோனையோடு அடுக்குமொழியில் முழங்கினார்கள், ஏனென்றால் அரசியல் மேடை அப்போது அப்படிப் பேசியது. வார இதழ்த் தொடர்கதைகள் "ஆகட்டும் தேவி", "அப்படியே செய்கிறேன் சக்கரவர்த்தி" என்று இன்னொரு நடையைப் பழக்கின. ஆக, ஒவ்வொரு தலைமுறையும் தன் மேடையின் பேச்சை ராஜாவின் வாயில் வைத்திருக்கிறது. அதைக் கேட்டு வளர்ந்த நாம் அதுதான் பழசு என்று நம்பிவிட்டோம். வடமொழி வாசமே இல்லாத சுத்தத் தமிழில் பேசும் சோழ அமைச்சரும் இதே கணக்கில்தான் வருவார். தனித்தமிழ் இயக்கம் 1916-இல் தொடங்கியது. சோழர் கல்வெட்டில் கிரந்த எழுத்தும் வடசொல்லும் தாராளமாகப் புழங்குகின்றன. அங்கே போய் ஒருவர் "ஸ்ரீ" போடக் கூச்சப்பட்டால் அவர் 1010-இலிருந்து வரவில்லை, நம் ஊர் மேடையிலிருந்து இறங்கி வந்திருக்கிறார்.

சரி, உண்மையில் எப்படிப் பேசினார்கள்? ஒலிப்பதிவு கிடையாது. ஆனால் கல் இருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தில், ராஜராஜனின் 26-ஆம் ஆட்சியாண்டில் பிறந்த ஆணை ஒன்று வெட்டப்பட்டிருக்கிறது. அதில், தான் கட்டிய கற்கோயிலை "நாம் எடுப்பிச்ச திருக்கற்றளி" என்கிறார். பிறகு "நாங்குடுத்தனவும் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும்" எல்லாவற்றையும் "கல்லிலே வெட்டுக என்று திருவாய் மொழிஞ்சருள" என்று போகிறது. கவனித்தீர்களா? எடுப்பித்த இல்லை, எடுப்பிச்ச. கொடுத்தன இல்லை, குடுத்தன. மொழிந்தருள இல்லை, மொழிஞ்சருள. தமிழ் வாத்தியார் இன்று சிவப்பு மையால் சுழிக்கிற அத்தனையும் பேரரசன் பெயரால் கருங்கல்லில் நிற்கிறது. அதோடு, சொந்த அக்கா குந்தவையை அங்கே "தமக்கையார்" என்றெல்லாம் சுற்றிவளைக்காமல் வெறும் "அக்கன்" என்கிறார். எனக்கு அந்தக் கல்வெட்டில் மிகவும் பிடித்த சொல் அதுதான்.

இந்த வாசகம் ராஜராஜன் வாயிலிருந்து அப்படியே விழுந்தது என்று சொல்ல முடியாது. ஆணையை ஓலையில் எழுதியது ஓர் அதிகாரி, கல்லில் வெட்டியது ஒரு தச்சர். ஆனால் அரசவையில், படித்தவர்கள் கையில், இந்த உச்சரிப்பு கேவலமாகப் படவில்லை என்பது தெரிகிறது. நம் சரித்திரக் கதைகளில் ஒரு வழக்கம் உண்டு: ராஜா செந்தமிழ் பேசுவார், படகோட்டியும் காவல்காரனும் மட்டும் கொச்சையாகப் பேசுவார்கள். அந்தப் பிரிவினைக்குக் கல்வெட்டில் ஆதரவு இல்லை.

பேச்சின் வேகத்தைப் பிடிக்க வேண்டுமென்றால் ஆண்டாளிடம் போகலாம். ராஜராஜனுக்கும் முந்தைய காலம். திருப்பாவையின் 15-ஆவது பாட்டில் வெளியே தோழிகள், உள்ளே எழுந்திருக்காத ஒருத்தி. "எல்லே இளங்கிளியே, இன்னம் உறங்குதியோ" என்கிறார்கள். "சில்லென்று அழையேன்மின் நங்கைமீர், போதர்கின்றேன்" என்கிறாள், கத்தாதீர்கள் வருகிறேன் என்று. உன் பேச்சு சாமர்த்தியம் எங்களுக்குத் தெரியாதா என்கிறார்கள். "வல்லீர்கள் நீங்களே, நானே தான் ஆயிடுக": நீங்கள்தான் கெட்டிக்காரர்கள், சரி, நானே என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லாரும் வந்தாயிற்றா என்று கேட்கிறாள். "போந்தார், போந்து எண்ணிக்கொள்." வந்தாயிற்று, நீயே வந்து எண்ணிக்கொள்! காலை ஐந்து மணிக்கு ஹாஸ்டல் வராந்தாவில் நடக்கிற சண்டை இது. யார் பேசுகிறார்கள் என்று ஒரு இடத்திலும் சொல்லவில்லை, குழப்பமும் வரவில்லை. வசனம் எழுதுகிற யாரும் இந்த எட்டு வரியை மனப்பாடம் செய்யலாம். இன்னும் பின்னால் போனால் கலித்தொகையில் ஒரு பெண் தன் தோழியை "எல்லா!" என்று கூப்பிட்டு, எதிரே நிற்கும் ஆளைக் காட்டி "இஃதொத்தன்" என்கிறாள். ஒருவன் "ஒத்தன்" ஆகிவிட்டான், சங்க இலக்கியத்திலேயே.

சோழர் காலத்தின் கடைசிக் கட்டத்தில், 13-ஆம் நூற்றாண்டில், நம்மாழ்வாரின் திருவாய்மொழிக்கு ஸ்ரீரங்கத்தில் நம்பிள்ளை சொன்ன விரிவுரைகளை வடக்குத் திருவீதிப் பிள்ளை எழுதி வைத்த ஈடு இருக்கிறது. அதன் நடுநடுவே ஆசாரியர்களும் சீடர்களும் கேட்டுக்கொண்ட கேள்வி, சொன்ன பதில், அடித்த கிண்டல் எல்லாம் துணுக்குத் துணுக்காக வரும். தமிழும் வடமொழியும் கலந்த மணிப்பிரவாள நடை, முதல் பத்துப் பக்கம் கஷ்டம்தான். ஆனால் உரைநடையில் பேச்சு எப்படி இருந்திருக்கும் என்று காட்டுவதில் அதற்கு இணையாக நம்மிடம் அதிகம் இல்லை.

அப்படியானால் முழுக்க இன்றைய பேச்சுத் தமிழிலேயே எழுதிவிடலாமா? நான் வேண்டாம் என்பேன். காரணம் இலக்கணம் கிடையாது. "வந்துட்டாங்க" என்று எழுதினால் வாசகர் காதில் சென்னை விழும், "வந்துட்டாங்கங்க" என்றால் கோயம்புத்தூர், "வந்துட்டாவ" என்றால் திருநெல்வேலி. இன்றைய வட்டாரம் ஒட்டாத பேச்சுத் தமிழ் என்று ஒன்று கிடையாது. "வந்துவிட்டார்கள்" என்று எளிய எழுத்துத் தமிழில் எழுதினால் எந்த ஊரும் ஒட்டாது, எந்த மேடையும் ஒட்டாது. தண்ணீர் மாதிரி இருக்கும். வசனம் அப்படித்தான் இருக்க வேண்டும், மீதியைச் சூழல் பார்த்துக்கொள்ளும்.

இப்போது ஆபீஸ் வாடைக்கு வருகிறேன். சொற்களில் பிடிப்பது சுலபம். சாவி, ஜன்னல், மேசை, அலமாரி போர்ச்சுகீசியர் கொடுத்தவை, வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் இறங்கியதே 1498-இல். (ஈழத்தில் சாவிக்கு இன்றும் "திறப்பு" என்ற அழகான சொல் இருக்கிறது. ஆனால் ஜன்னல் அங்கேயும் "யன்னல்" ஆகிவிட்டது, தப்பவில்லை.) கஜானா, கைதி, தர்பார், சிப்பாய், வசூல், பாக்கி எல்லாம் மேற்கேயிருந்து வந்தவை. மிளகாயும் போர்ச்சுகீசியர் கப்பலில் வந்தது, ஆகவே சோழ நாட்டுச் சமையலறையில் காரம் என்றால் மிளகு.

இதைவிட நுட்பமாக ஒளிந்திருப்பவை உருவகங்கள். சொல் ஒவ்வொன்றும் நல்ல தமிழாக இருக்கும், சேர்ந்தால் ரயில் ஓடும். "திட்டத்துக்கு அமைச்சர் பச்சைக்கொடி காட்டினார்." "பேச்சுவார்த்தை தடம் புரண்டது." "அவன்தான் நம் துருப்புச் சீட்டு" என்று சொல்ல அங்கே சீட்டுக்கட்டே கிடையாது. "வாழ்வின் புதிய அத்தியாயம்" என்பதும், ஓலையைக் கசக்கி எறிவதும் காகிதத்தோடு வாழ்கிற நம் கை செய்கிற வேலை. ஓலையைக் கசக்கிப் பாருங்கள், கையில் கீறும். "ஒரு நிமிடம் பொறு" என்பதைத் திருத்துகிறேன் என்று "ஒரு நாழிகை பொறு" ஆக்குகிறவர்களும் உண்டு. நாழிகை என்றால் 24 நிமிடம். காவலன் வாசலில் நிற்கிறான், உள்ளே வருகிற சேதி சாதாரண சேதி என்றால் பரவாயில்லை! "கொஞ்சம் பொறு" என்றாலே போதும். மணிக்கணக்கு தேவைப்படுகிற இடத்தில் அந்த ஊர் எதைப் பார்த்து நேரம் அறிந்தது என்று யோசியுங்கள். எருமைகள் விடியற்காலைப் பனிப்புல்லை மேயப் போவதை ஆண்டாள் "எருமை சிறுவீடு" என்கிறாள். கோழி கூவுவதற்கு அடுத்தபடி அதுதான் அந்த ஊரின் கடிகாரம்.

ஆனால் என் கணக்கில் உங்கள் நண்பர் "ஆபீஸ்" என்று சொன்னதற்குக் காரணம் சொற்களாக இருக்காது, மரியாதை வாசகங்களாக இருக்கும். நன்றி, மன்னிக்கவும், தயவுசெய்து, வணக்கம். இந்த நான்கும் நல்ல தமிழ்தான், ஆனால் நாலு வார்த்தைக்கு ஒரு தடவை இவற்றைச் சொல்லிக்கொள்கிற வழக்கம் ஆங்கிலப் பள்ளிக்கூடத்தின் வழக்கம். இன்றைக்கே கிராமத்தில் சித்தி சோறு போட்டால் யாரும் நன்றி சொல்வதில்லை, சொன்னால் அவர் முறைப்பார். சோழ நாட்டில் தண்ணீர் கொடுத்தவளிடம் வழிப்போக்கன் "நன்றி அம்மா" என்று சொல்லிவிட்டு நகர்ந்தால் வாசகர் மனசில் ஏதோ இடறும், எது என்று சொல்லத் தெரியாது. அவன் "எந்த ஊர்த் தண்ணீர், இவ்வளவு இனிப்பு" என்று சொல்லட்டும். கைப்பிரதியில் இந்த நான்கு சொல்லையும் தேடி அடித்துவிட்டுத் திரும்பப் படித்துப் பாருங்கள், பாதி ஆபீஸ் காலியாகியிருக்கும்.

மனசு அடுத்தது. "என் வாழ்க்கையை நான்தான் தீர்மானிப்பேன்" என்று இளவரசி சொல்லும்போது எழுத்தாளருக்கு ஒரு நிறைவு வரும், தெரியும். அந்தக் காலப் பெண்ணுக்கு விருப்பமும் பிடிவாதமும் கிடையாது என்று நான் சொல்ல வரவில்லை. செம்பியன் மாதேவி கணவர் கண்டராதித்தர் போன பிறகு பல பதிற்றாண்டுகள் வாழ்ந்து, செங்கல் கோயில்களை ஒவ்வொன்றாகக் கற்றளியாக்கிக்கொண்டே போனவர். குந்தவை கொடுத்த பொன்னும் நகையும் பெரிய கோயிலில் அவர் பெயரிலேயே தனியாக வெட்டப்பட்டிருக்கின்றன. அவர்கள் பிடிவாதம் கொடுப்பதில், கட்டுவதில் தெரிந்தது. ஆகவே அப்படிப்பட்ட ஒருத்தி சண்டை போட்டால் "இது என் பொன். எந்தக் கோயிலுக்கு என்று நான் சொல்கிறேன்" என்பாள். வாழ்க்கை, சுதந்திரம், தீர்மானம் ஒன்றும் வேண்டாம்.

இதே மாதிரி, போர்க்களத்தில் சோழ வீரன் பாண்டிய வீரனைப் பார்த்து "நாம் எல்லாரும் தமிழர்கள், நமக்குள் ஏன் சண்டை?" என்று கண்கலங்கினால் கைதட்டல் கிடைக்கும். ஆனால் ராஜராஜனின் கொள்ளுப்பாட்டன் முதலாம் பராந்தகன் "மதிரை கொண்ட" என்பதைத் தன் பட்டத்திலேயே போட்டுக்கொண்டவன். மதுரையைப் பிடித்தது அவர்களுக்கு வருத்தம் இல்லை, விலாசம்.

யார் யாரை நீ என்பது, நீர் என்பது. இதில் பெரிய தப்பு, "பழங்காலம்" என்று எல்லாவற்றையும் ஒரே பானையில் போடுவது. சங்க காலத்துக்கும் ராஜராஜனுக்கும் நடுவே, ராஜராஜனுக்கும் நமக்கும் நடுவே இருக்கிற அளவு இடைவெளி இருக்கிறது. புறநானூற்றுப் புலவர் வேந்தனை நேருக்கு நேர் "நீ" என்பார், மரியாதை "பெரும" என்ற விளியில் இருக்கும். கண்ணகி பாண்டியனைத் "தேரா மன்னா" என்றே தொடங்குகிறாள். ஒருவரைப் பன்மையில் மரியாதையாகச் சொல்வது பேச்சு வழக்கில் உண்டு, இலக்கண முறைப்படி அது சேராது என்று தொல்காப்பியமே ஒரு சூத்திரத்தில் ஒப்புக்கொள்கிறது. சோழர் காலத்துக்கு வந்தால் அரசன் "சொன்னார்" கிடையாது, திருவாய் மொழிந்தருளினார். வர மாட்டார், எழுந்தருளுவார். உங்கள் நாவலில் அரசனைப் பற்றி மற்றவர்கள் பேசும்போது இந்த "அருளி"யை அளவாகப் பயன்படுத்துங்கள், அரசனோ தன்னைப் பற்றி "நாம்", தன் அக்காவைப் பற்றி வெறும் "அக்கன்" என்று பேசட்டும். ஒரே அறையில் இரண்டு நடையும் ஒலித்தால் அதிகாரம் எங்கே இருக்கிறது என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. சங்க காலத்துக் கரிகாலன் கதையில் மட்டும் இதைச் செய்யாதீர்கள்.

ஒரு சின்னக் காட்சியை வைத்துப் பார்க்கலாம். கோயிலில் ஒரு நொந்தா விளக்கு அணையாமல் எரிய 96 ஆடுகளை ஓர் இடையனிடம் கொடுப்பார்கள், அவர் தினம் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். அந்த ஆடுகளுக்குக் கல்வெட்டில் பெயர் "சாவா மூவாப் பேராடு". சாகாது, கிழமாகாது. கிடாவும் குட்டியுமாகப் பெருகும் மந்தையில் எண்ணிக்கையை அவர் 96-க்குக் குறையாமல் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது கணக்கு. நெய் குறைந்துவிட்டது, கணக்கர் கூப்பிட்டுக் கேட்கிறார்.

நாடகக் கம்பெனி: "அந்தோ! ஐயன்மீர்! யான் என் செய்வேன்? எண்மர் போல் எண்ணியிருந்த எட்டு ஆடுகளும் மாண்டொழிந்தனவே!"

ஆபீஸ்: "மன்னிக்கவும் ஐயா. எதிர்பாராத சூழ்நிலையால் எட்டு ஆடுகளை இழந்துவிட்டேன். தயவுசெய்து என் நிலைமையைப் புரிந்துகொள்ளுங்கள்."

நான் எழுதினால்:

"நெய் குறைகிறது."

"ஆடு குறைந்துபோச்சு, கணக்கரே. எட்டு செத்துவிட்டது."

"சாவா மூவாப் பேராடு என்று சொல்லித்தானே வாங்கிக்கொண்டாய்?"

"எழுதினது நீர். ஆட்டுக்கு யார் சொல்வது?"

மூன்றாவதில் "சாவா மூவாப் பேராடு" தவிரப் பழைய சொல் ஒன்றுமே இல்லை. "குறைந்துபோச்சு" அச்சு அசல் இன்றைய பேச்சு, கிண்டல்கூட இன்றைய டீக்கடைக் கிண்டல் மாதிரிதான் இருக்கிறது. ஆனாலும் இந்த உரையாடலை வேறு எந்தக் காலத்துக்கும் தூக்கிக்கொண்டு போக முடியாது, ஏனென்றால் அவர்கள் சண்டை போடுகிற விஷயமே அங்கே மட்டும்தான் இருந்தது. இடையர் கணக்கரை "நீர்" என்கிறார், கணக்கர் அவரை "நீ" என்கிறார். கேலியோடு சேர்ந்து வரும்போது அந்த "நீர்" கொஞ்சம் குத்தும், அதுவும் வேண்டியதுதான்.

கோபத்துக்கும் சாபத்துக்கும் கல்வெட்டின் கடைசி வரிகளைப் பாருங்கள். கொடுத்த தர்மத்தை அழிப்பவன் "கங்கையிடைக் குமரியிடைச் செய்தார் செய்த பாவம்" எல்லாவற்றையும் கொள்வான் என்று முடியும். நாட்டில் ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரைக்கும் செய்த பாவத்தைக் கட்டி ஒருத்தன் தலையில் வைப்பது எவ்வளவு பெரிய வசவு! "உன்னைச் சும்மா விடமாட்டேன்" என்று சினிமா வில்லன் மாதிரி பேசுவதற்குப் பதில் உங்கள் பாத்திரம் இதில் கைவைக்கலாம்.

அருஞ்சொல் அட்டவணை போட வேண்டாம். உழக்கு எத்தனை மில்லி, கழஞ்சு எத்தனை கிராம் என்பது வாசகருக்குத் தெரிய வேண்டியதில்லை. கழஞ்சுக் கணக்கைக் கேட்டதும் பெண்வீட்டுக்காரர் எச்சில் விழுங்கினால் அது பெரிய தொகை என்று புரிந்துவிடும். பதவிப் பெயர்கள்தான் கொஞ்சம் தொல்லை கொடுக்கும், பெருந்தரம், சிறுதரம் என்று. பெருந்தரத்து அதிகாரி முதல் தடவை அறைக்குள் வரும்போது யார் யார் எழுந்து நிற்கிறார்கள், யார் உட்கார்ந்தே இருக்கிறார்கள் என்று மட்டும் எழுதிவிடுங்கள்.